ரொட்டிக் கடைக் கதவு

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பசை வாளியைச் சுமந்து சுமந்து நெவேனாவுக்குக் கை கடுக்கிறது. அவள் அப்பா, ஸ்டோயில், இறந்து ஒரு வருடம். அவர் படம் போட்ட அஞ்சலித் தாளை ஊர் வழக்கப்படி கடைத்தெரு முழுக்க ஒட்டியாக வேண்டும். சிறுமியாக அப்பாவின் கையைப் பிடித்து நடந்தபோது இந்தத் தெருவுக்கு ஒரு காலைப்பொழுது போதாது. பொத்தான் கடையில் கண்ணாடிக் குப்பிகள் மினுங்கும். போசா என்ற புளித்த தானியக் கூழைக் குடித்துவிட்டு வந்தால் உதட்டுக்கு மேல் பழுப்பு மீசை முளைத்திருக்கும். ரொட்டிக் கடை வாசலில் சூடான வாசனையோடு தினம் ஒரு சண்டையும் இருக்கும். இப்போது பூட்டிய கதவுகள், அவற்றில் இறந்தவர்களின் முகங்கள். "ரொட்டிக் கடைய விட்டுடாதடி," என்கிறாள் அம்மா பென்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. அந்தக் கதவில் முதல் தாள் கடைக்காரர் கினியோவுடையது. வெளுத்துப்போய் மீசை மட்டும் மிச்சம். அவரை அடுத்து, அன்றைக்கு ரொட்டிக்கு நின்றவர்களே ஒருவர் பக்கத்தில் ஒருவராக. அப்பா ஒருநாளும் அங்கே நின்று வாங்கியதில்லை. "புள்ள பசில துடிக்குது" என்று இவளைத் தூக்கிக் காட்டியே முன்னால் புகுந்துவிடுவார். "யோவ் ஸ்டோயில், பின்னால போய்யா!" என்று கத்திக்கொண்டே கினியோ ரொட்டியை நீட்டுவார். நெவேனா தாளைக் கினியோவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். இடமில்லை, யார் முகத்தையாவது மறைக்க வேண்டும். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கதவின் கடைசி ஓரத்துக்கு நகர்த்துகிறாள். "இங்க ஒட்டு. இப்பவாவது வரிசையில நிக்கட்டும் அந்த மனுஷன்."