பறவை பார்க்காதவர்

"வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம் வெச்சிருக்கீங்க. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தனியா, நிம்மதியா குருவி பார்க்க வேண்டியதுதானே? உங்களுக்கு எதுக்கு சார் கிளப்பு?"

பல் டாக்டர் ஏரிக்கரையில் வைத்தே கேட்டுவிட்டார். பறவை பார்ப்போர் கிளப்புக்கு அவர்தான் தலைவர். நாளெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லும் மனிதருக்குத் தன் வாயை மட்டும் மூடத் தெரியாது.

கடிகாரம் ரிப்பேர் செய்பவர் பைனாகுலரைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நம்மகூட இருக்கப் பிடிச்சிருக்கு. விடுங்க டாக்டர்," என்றார் டீச்சரம்மா.

"என்னத்தைப் பிடிச்சிருக்கு? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை பேசறாரா? நாம எல்லாரும் நாரையைப் பார்த்தா, இவர் வேற எங்கேயோ பார்க்கறார். ஒரு வருஷமா வர்றார், கொக்குக்கும் நாரைக்கும் இன்னும் வித்தியாசம் தெரியலை!"

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், கடிகாரக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

"சரி, எல்லாரும் கேளுங்க. அடுத்த வாரத்துலேருந்து இந்த ஏரி வேண்டாம். சுத்தி வீடா கட்டித் தள்ளிட்டாங்க, பறவையே வர்றதில்லை. இனிமே காட்டுப் பக்கம் போறோம்," என்றார் டாக்டர்.

கடிகாரக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டர்... இங்கேயே வச்சுக்கலாமே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பறவை இல்லாத இடத்துல நாங்க எதைப் பார்க்கறதாம்?"

"உங்க கிளினிக் கடிகாரம் நின்னு கிடக்குதே, சும்மாவே சரி பண்ணித் தர்றேன் டாக்டர்."

"நல்லாயிருக்கே, எனக்கு லஞ்சமா? அவ்வளவு ஆசைன்னா நீங்க மட்டும் இங்கே வாங்க. யார் தடுத்தா?"

"தனியா வர முடியாது டாக்டர்."

"ஏன், ஏரி கடிச்சிடுமா?"

மற்றவர்கள் கரையோரமாக நடக்கத் தொடங்கினார்கள். கடிகாரக்காரர் மட்டும் பின்தங்கி, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். டாக்டருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி என்னதான் அபூர்வப் பறவை என்று பைனாகுலரைப் பிடுங்கி, அதே திசையில் பார்த்தார்.

பறவையும் இல்லை, மரமும் இல்லை. எதிர்க்கரை அடுக்குமாடியில் ஒரு பால்கனி. அங்கே ஓர் இளம்பெண் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு நின்றாள்.

டாக்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சீ! இந்த வயசுல இது என்னய்யா புத்தி? நாலு பொம்பளைங்க கூட வர்ற கிளப்புய்யா இது! இதுக்குத்தான் எங்களோட ஒட்டிக்கிட்டு வந்தீரா? போலீஸ்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சத்தம் போடாதீங்க டாக்டர், அவ இந்தப் பக்கம் பார்த்துடப் போறா." கடிகாரக்காரர் அவசரமாக டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். அடக்க முடியாமல் அழுதுவிட்டார்.

"அவ என் பொண்ணு. அவ கல்யாணத்துக்கு நான் போகலை, அதிலேருந்து என் முகத்துல முழிக்க மாட்டேங்கறா. தனியா வந்து நின்னா, கண்டுபிடிச்சு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கறா டாக்டர்... உங்க கும்பலோட நின்னாதான், நான் இருக்கேன்னு தெரியாம, கொஞ்ச நேரம் வெளியே நிக்கறா."