வாய் நிறைய மாமா

“மாமா!”

வாசலில் நின்ற பெண் அப்படிக் கூப்பிட்டதும் டீச்சரம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. செம்பட்டை முடி, தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. எந்த நாட்டுக்காரி என்றே பிடிபடவில்லை, ஆனால் அந்த ‘மாமா’ மட்டும் அட்சர சுத்தம்.

அவள் கூப்பிட்டது டீச்சரம்மாவின் கணவரை. ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக்கான அவர், கூடத்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. கையிலிருந்த பிரஷ் நழுவி மடியில் விழுந்தது.

“யாரோ வீடு மாறி வந்திருக்காங்க. அனுப்பிவை” என்றார்.

“வீடு மாறி வந்தவளா உங்களைப் பார்த்து மாமாங்கிறா?” டீச்சரம்மா குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு இன்னுமா புரியலை? நம்ம பையனோட ஆளு!”

பையன் பல் டாக்டர். கல்யாணப் பேச்சை எடுத்தாலே கிளினிக்குக்கு ஓடிவிடுவான். போன வருஷம் வெளிநாட்டில் ஏதோ பல் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து போனும் கையுமாகவே திரிந்தான். டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். இரண்டையும் கூட்டி விடை போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பெண்ணை உட்காரவைத்து டீ கொடுத்தார். அவளுடைய போன் உயிரை விட்டிருந்தது, வீட்டு சார்ஜர் அதற்குச் சேரவில்லை. டீச்சரம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவளுக்குத் தெரியவில்லை.

“பரவாயில்லை கண்ணு. இனிமே நான் உனக்கு அத்தை. எங்கே, சொல்லு. அத்... தை.”

“அத்தே” என்றாள் அவள். டீச்சரம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தம் வைத்துக்கொண்டார்.

பெண்ணின் பார்வை மட்டும் மெக்கானிக்கை விட்டு நகரவே இல்லை. கண் கலங்க இன்னொரு முறை “மாமா” என்றாள். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“நீங்க ஏன் அழறீங்க?”

“சாயம் கண்ணுல பட்டுடுச்சு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி ஊர் ஊரா, நாடு நாடாப் போய் லிஃப்ட் மாட்டினீங்களே. இவ பாஷை ஒரு வார்த்தையாவது தெரியுதா பாருங்க.”

“லிஃப்டுக்கு ஏது பாஷை? மேலே, கீழே, அவ்வளவுதான்.”

டீச்சரம்மா பெண்ணை உற்றுப் பார்த்தார். “நம்மவனை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும் போலிருக்கு. இருந்தா என்ன? பொருத்தம் பாருங்க, சிரிச்சா இவளுக்கும் ஒரு பக்கம்தான் குழி விழுது!”

“இந்தக் கல்யாணம் நடக்காது.”

“ஏன் நடக்காது?”

“நடக்கக் கூடாது!”

“உங்க லிஃப்டுல எல்லா நாட்டு ஜனமும் ஏறலாம், நம்ம வீட்டுப் படி மட்டும் ஏறக் கூடாதா? வாய் நிறைய மாமாங்கிறா. உங்களுக்கு மனசே கிடையாதா?”

மெக்கானிக் வாசலைப் பார்த்தார். பாதித் தலையோடு வெளியே ஓடவும் வழியில்லை.

அந்த நேரத்தில் மகன் உள்ளே வந்தான்.

“வாடா திருடா! உன் குட்டு உடைஞ்சுபோச்சு” என்றார் டீச்சரம்மா.

அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். “யாரும்மா இவங்க?”

“நடிக்காதே. நான் சம்மதிச்சாச்சு.”

“எதுக்குச் சம்மதிச்சே? சத்தியமா நான் இவங்களைப் பார்த்ததே இல்லைம்மா!”

பல்லைப் பிடுங்கும்போது ‘வலிக்காது’ என்று அவன் பொய் சொல்வதை டீச்சரம்மா கேட்டிருக்கிறார். இது அந்தக் குரல் இல்லை. “அப்புறம் எதுக்குடா வந்ததிலேர்ந்து இவரைப் பார்த்து மாமா மாமாங்கிறா?”

“கேட்டுட்டாப் போச்சு.” மகன் போனை எடுத்தான். “இதுல எல்லா பாஷையும் இருக்கு. நாம பேசினா அவங்க பாஷையில சொல்லும், அவங்க பேசினா தமிழ்ல சொல்லும்.”

மெக்கானிக் எழுந்தேவிட்டார். சாயம் கன்னத்தில் கோடாக வழிந்தது. “மெஷின் சொல்றதையெல்லாம் நம்பக் கூடாதுடா. தப்புத் தப்பாச் சொல்லும்!”

“நீங்க சும்மா இருங்க. நானே கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி நிக்கிறேன்” என்று டீச்சரம்மா அவரை உட்காரவைத்தார்.

பெண் போனை வாங்கித் தன் மொழியைத் தேடித் தொட்டுக் காட்டினாள். மகன் அதன் அருகில் குனிந்து, “நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க? இவர் உங்களுக்கு யாரு?” என்று கேட்டான். போன் அதை அவள் பாஷையில் சொன்னது.

அவள் முகம் மலர்ந்தது. எழுந்து போய் மெக்கானிக்கின் தோளில் கை வைத்து, போனுக்குக் கேட்கும்படி நிறுத்திச் சொன்னாள்.

“மாமா.”

போனுக்குள் இருந்த பெண்குரல், செய்தி வாசிப்பது போல நிதானமாகச் சொன்னது:

“அப்பா.”