ஒகும்பாவின் மகன்

ஒலிபெருக்கியில் "ஒலாங்கோ ஒகும்பா" என்று பெயர் கேட்டதும், ஒடேரோ தன் நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கைதட்டல் தன் மேல் தெறித்துவிடக் கூடாதே என்றுதான்.

பர்மாவில் செத்த சிப்பாய்களுக்காக ஊர்த் திடலில் புதிதாகத் தூண் நிறுத்தியிருந்தார்கள். போர் முடிந்து ஐம்பதாவது வருடம். மேலிருந்து மூன்றாவது பெயர் ஒகும்பா. அவர் மகன் ஒலாங்கோ மலர் வளையம் வைக்கப் போகிறான், இந்த வெயிலில் கோட்டு வேறு போட்டுக்கொண்டு.

ஒகும்பாவின் தம்பி ஒபியேரோ. ஒபியேரோவின் மகன் ஒடேரோ.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க லாரி வந்த அன்று, அண்ணன் லாரியில் ஏறினார். தம்பி ஏரிக்கரை நாணலுக்குள் இறங்கினார். மூன்று மாதம் கழித்து, காலெல்லாம் அட்டைக் கடியோடு வெளியே வந்தவர் முதலில் கேட்டது, "சாப்பிட என்ன இருக்கு?"

அண்ணனைப் பற்றி ஊரில் ஒரு பாட்டு உண்டு. தம்பியைப் பற்றியும் உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒடேரோவின் பின்னாலேயே நடந்து பாடுவார்கள். மெட்டு என்னவோ நல்ல மெட்டுதான். அவனே குளிக்கும்போது இரண்டு தடவை பாடியிருக்கிறான்.

"என்னப்பா ஒடேரோ, உங்கப்பா பேரை நாணல்ல செதுக்கிடலாமா?" என்றார் பக்கத்து நாற்காலி மீன்காரர்.

செத்த அப்பனுக்குத்தான் மவுசு. எழுபத்தைந்து வயது வரை மீன் தின்றுவிட்டுக் குறட்டை விட்ட அப்பனுக்கு எவன் தூண் வைப்பான்?

மேடையில், நைரோபியிலிருந்து வந்த அதிகாரிப் பெண் பதிவேட்டில் விரலை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம். ஒகும்பா இறந்தது நாப்பத்தி நாலு. நீங்க பிறந்தது நாப்பத்தொம்போதா? பெத்த பிள்ளைங்கதான் வளையம் வைக்கணும்னு உத்தரவு."

வளையத்திலிருந்து ஒரு பூ உதிர்ந்தது.

"இவரோட சொந்தக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லாத் தலைகளும் ஒடேரோ பக்கம் திரும்பின.

நாற்பது வருடமாக அவன் நாக்குக்கு அடியில் ஒரு வாக்கியம் வைத்திருந்தான். அதைத் துப்பினால் போதும், கோட்டு, வளையம், கைதட்டல் எல்லாம் காலி.

எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

ஒலாங்கோ அவனைப் பார்க்கவில்லை. கீழே விழுந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்துட்டா பிள்ளை பெத்துக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல சட்டம் ஏதும் இல்லம்மா," என்றான் ஒடேரோ. "இவன் ஒகும்பா மகன்தான். எழுதிக்குங்க."

திடல் சிரித்தது. ஊர்த்தலைவர் குனிந்து அவள் காதில் விளக்கினார்: அண்ணன் போய்விட்டால் அண்ணியின் வீட்டைத் தம்பி தாங்க வேண்டும், அங்கே பிறப்பதெல்லாம் அண்ணனின் பிள்ளைகள்தான்.

எந்தத் தம்பி என்று அவள் கேட்கவில்லை. அவசரமாகக் கையெழுத்துப் போட்டாள்.

பாண்டு முழங்கியது. ஒலாங்கோ தூணை நோக்கி நடந்தான். இடது தோள் சாய்ந்து, வலது பாதம் வெளியே வீசி வீசி.

ஒகும்பா எப்படி நடப்பார் என்று ஒடேரோவுக்குத் தெரியாது. ஆனால் இந்த நடையைத் தன் வீட்டு வாசலில் தினமும் பார்த்து வளர்ந்தவன் அவன்.

நாணலுக்குள் பதுங்கிய மனிதர் ஒருவழியாக, பாண்டு வாத்தியத்தோடு, சிப்பாய்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

ஒடேரோ கைதட்டினான். தட்டிக்கொண்டே குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

அச்சு அசல் அம்மாவின் கால்கள்.