முகம் கொடுக்காத பிள்ளை

"தாட்சாயினிக்குப் பொன்னாடை இல்லை. அடுத்த பேரைச் சொல்லுங்கோ" என்றார் பாலகிருஷ்ணன்.

செவன் ஹில்ஸ் மண்டபத்தின் பின்னறை. புலம்பெயர் தமிழர் சங்க நிர்வாகக் கூட்டம். ஆண்டு விழாவில் ஓர் இளம் ஆளைக் கௌரவிப்பது வழக்கம். பாலகிருஷ்ணன் தலைவர். அவர் இல்லை என்றால் இல்லைதான்.

செயலாளர் நாகலட்சுமி விடவில்லை.

"ஏன் அண்ணை? பொதுச் சுகாதாரம் படிச்ச பிள்ளை. படிப்பு முடிஞ்ச கையோடை எங்கட பொம்பிளையளுக்கெண்டு தமிழிலை ஒரு ஆலோசனை நிலையம் தொடங்கினவள். பிள்ளைப்பேறு, கருத்தடை, கர்ப்பப்பைப் பரிசோதனை..."

"விளங்குது, விளங்குது" என்று பொருளாளர் இந்திரகுமார் அவசரமாகத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்தார்.

"வேலையிலை நான் குறை சொல்லேல்லை" என்றார் பாலகிருஷ்ணன். "மேடையிலை கர்ப்பப்பை எண்டு சொல்லவும் எனக்கு வெக்கமில்லை. ஆனால் மனிசருக்குப் பழக்கவழக்கம் வேணும். போன கிழமை மரக்கறிக் கடையிலை என்ரை மனிசி அவளுக்கு முன்னாலை நிக்கிறா. இவள் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு போறாள். ஒரு சிரிப்பில்லை. நான் பக்கத்திலை நிக்கிறன்!"

இந்திரகுமார் நிமிர்ந்தார். "உங்களுக்குமோ? கோயில்லை என்ரை மகளுக்கும் இதே கதைதான். நேருக்கு நேர் வந்தும், ஆரெண்டே தெரியாத மாதிரிப் போட்டாள்."

"எங்க வீட்லயும் சார்" என்றார் சென்னைக்காரர் வாசுதேவன். "பொங்கல் விழாவுல என் மனைவிக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டா. பாயசம் முடியற வரைக்கும் நிமிர்ந்தே பார்க்கல. படிச்ச திமிர் சார்."

நாகலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்று ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"உம்மோடை எப்பிடி? உம்மைக் கண்டால் சிரிப்பாளோ?" என்று கேட்டார் பாலகிருஷ்ணன்.

"இல்லை அண்ணை. எனக்கும் சிரிக்க மாட்டாள்."

"பார்த்தீரோ! பிறகேன் அவளுக்கு வக்காலத்து?"

பேரை வெட்டியாயிற்று. நாகலட்சுமிக்கு அப்போது வந்தது இருமலா சிரிப்பா என்று யாரும் கவனிக்கவில்லை.

பாலகிருஷ்ணன் வீட்டுக்குப் போனதும் நேரே குசினிக்குள் நுழைந்தார். மனைவி யோகா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"உமக்காக ஒரு காரியம் செய்துபோட்டு வந்தனான்."

"ஆரோடை சண்டை?"

"சண்டையில்லை. அந்தத் தாட்சாயினிக்குப் பொன்னாடை போர்க்கப் பார்த்தினம். உம்மை மதிக்காதவளுக்கு என்ன பொன்னாடை? வெட்டிப்போட்டன்."

யோகா அடுப்பை அணைத்தாள். புட்டு பாதியில் நிற்கிறதென்றால் விஷயம் பெரிது.

"இஞ்சருங்கோ. கதிரையிலை இருங்கோ."

இருந்தார்.

"போன வருஷம் வியாழக்கிழமையளிலை பசனைக்குப் போனனே, ஞாபகமோ?"

"ஓம்."

"பசனை இல்லை."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டினாள். மூடினார்.

"மாதவிலக்கெல்லாம் நிண்டு எத்தினை வருஷம். திரும்ப இரத்தம் படத் தொடங்கிச்சுது. எங்கட டொக்டரிட்டைச் சொல்ல ஏலுமோ? அவர் உங்களோடை சீட்டு விளையாடுறவர். உங்களுக்குச் சொல்லுவம் எண்டால், நான் தும்மினாலே அம்புலன்ஸுக்கு அடிக்கிற ஆள் நீங்கள். பயந்து பயந்து அந்தப் பிள்ளையிட்டைத்தான் போனன். அவள்தான் ஒரு பொம்பிளை டொக்டரைப் பிடிச்சுத் தந்தவள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கூடவந்து, நான் உள்ளுக்குப் போகுமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள். சின்னக் கட்டி. எடுத்தாச்சு. ஆபத்தில்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

பாலகிருஷ்ணன் கதிரையை அவள் பக்கம் இழுத்தார்.

"இப்ப சுகமோ?"

"சுகமில்லாமலோ உங்களுக்குப் புட்டு அவிக்கிறன்?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததும் பழைய கோபம் திரும்பியது.

"அப்பிடியெல்லாம் செய்த பிள்ளை, கடையிலை ஏன் உம்மைக் கண்டு சிரிக்கேல்லை?"

"அவள் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிப்போடுவாள். 'அன்ரி, வெளியிலை நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரிக் காட்ட மாட்டன். நீங்களா வந்து கதைச்சால்தான் கதைப்பன்' எண்டு. அண்டைக்கு அவள் சிரிச்சிருந்தால், 'இவளை உமக்கு எப்பிடித் தெரியும்' எண்டு வீடு வந்து சேருமட்டும் கேட்டிருப்பியள். கேட்டிருக்க மாட்டியளோ?"

கேட்டிருப்பார்.

பிறகு மெல்ல அவர் கண் விரிந்தது.

"அப்ப... இந்திரகுமாரின்ரை மகள்? வாசுதேவன் வீட்டிலை?"

"எனக்குத் தெரியாது" என்றாள் யோகா. "உங்களுக்கும் தெரியாது."

அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "பொன்னாடையை நான்தான் போர்ப்பன். அத்தனை பேருக்கும் முன்னாலை நானே முதல் சிரிப்பன். போய்ப் பேரைத் திரும்பப் போடச் சொல்லுங்கோ."

நாகலட்சுமிக்குப் போன் போனது. அவள் ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை.

புட்டு மேசைக்கு வருமுன் இந்திரகுமார் போன் எடுத்துவிட்டார்.

"என்ன அண்ணை இது? வெட்டின பேரைத் திரும்பப் போட்டிருக்கிறியளாம்! எங்கட பொம்பிளையளைக் கண்டும் காணாத மாதிரிப் போறவளுக்கோ பொன்னாடை?"

பாலகிருஷ்ணனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் சொல்ல வழியில்லை.

"ஓம்" என்றார். "அதுக்குத்தான்."