சட்டென்று நிற்கும் டயர்

“ரெண்டுமே வெயில், மழை, குளிர் எல்லாத்துக்கும் தாங்கும்மா. இது விலை கம்மி. அது ஈர ரோட்டுல பிரேக் போட்டா சட்டுனு நிக்கும், தேயவும் நாளாகும்” என்றார் டயர் கடைக்காரர்.

“சட்டுனு நிக்கிறதையே நாலும் மாட்டிடுங்க” என்றாள் மனைவி.

“அம்மா தாயே, விலை கம்மியே போதும்!” என்று தலையில் கைவைத்தார் கணவர்.

எத்தனை கஞ்சர்களைப் பார்த்த மனுஷன் கடைக்காரர்! “சார், நீங்க ஓட்டப்போற வண்டி. உயிர் விஷயத்துல கணக்குப் பார்க்கலாமா?”

“நான் எங்கே ஓட்டப்போறேன்? காலையிலதான் இதை வித்தோம். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. வித்த வண்டிக்குப் புது டயர் போடற மகராசி உலகத்துலயே இவ ஒருத்திதான்!”

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“வாங்க வந்த பொண்ணு எஞ்சினைக்கூடப் பார்க்கலைங்க. கைக்குழந்தையை உட்காரவைக்கிற சீட் பின்னால பொருந்துதான்னுதான் பார்த்தா. மழை வேற கொட்டுது. இந்த வழுக்கை டயரோட எப்படிங்க அனுப்புவேன்?” என்றாள் மனைவி.

கடைக்காரர் நல்ல டயர்களைத் தாமே உருட்டிக்கொண்டு வந்தார். நாலாவது சக்கரத்தையும் மாட்டி முடித்தபோது, கணவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“அண்ணே, ஸ்டெப்னி டயரும் வழுக்கையாத்தான் இருக்கு. அதையும் மாத்திடுங்க.”