மூன்றாவது மாடிச் செருப்புகள்

நம்பினால் நம்புங்கள், நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் நாலு வீடு. அதில் வேதவல்லி வீட்டார் ஊருக்குப் போயிருந்தார்கள். காவலுக்குக் கதவோடு பதிந்த பித்தளைப் பூட்டு மட்டும்தான்.

மதியம் இரண்டு மணி. எல்லா வீட்டிலும் தூக்கம். எவனோ படியேறும் சத்தம் கேட்டுப் பூட்டு நடுங்கியது.

"நேத்து வந்த அதே ஆளு. வாசல்ல செருப்பே இல்லைன்னு குனிஞ்சு பார்த்துட்டுப் போனான். என் ஸ்பிரிங் வேற தேஞ்சு கிடக்கு. ஒரு நெம்பு தாங்கமாட்டேன்."

"எங்களைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவியே மாப்ளே, இப்பவாவது வாயைத் திறந்தியே!" என்றது எதிர்வீட்டு ரப்பர் செருப்பு.

சொன்ன கையோடு குதித்து வந்து பூட்டின் வாசலில் நின்றது. பின்னாலேயே மற்ற வீட்டு ஷூக்கள், குதிகால் செருப்புகள், பிள்ளைகளின் விசில் செருப்பு என்று பதினோரு ஜோடி வந்து சேர்ந்தன.

வந்தவன் திகைத்தான். "உள்ளே ஏதோ விசேஷம் போல" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய்விட்டான்.

"சாமிகளா, நீங்க நல்லாருக்கணும்" என்று பூட்டு தழுதழுத்தது.

"அழாதேப்பா, உள்ளே துருப்பிடிச்சுடும்" என்றது ரப்பர் செருப்பு.

மூன்று மணிக்கு வேதவல்லியும் புருஷனும் பெட்டியோடு வந்தார்கள். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, தங்கள் வீட்டு மணியையே அழுத்திவிட்டுக் காத்து நின்றார்கள்.

"தைரியமா வாங்கம்மா, எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்று பூட்டு சாவிக்குக்கூடக் காத்திராமல் திறந்துகொண்டது.