பெயர் வைத்தவர்

"வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை! வீட்டு வரியில பாதி தள்ளுபடி!" என்று முதல்வர் வேட்பாளர் தணிகாசலம் முழங்கி முடித்ததும், ஓர் இளைஞன் பிரசார வேனை நோக்கிக் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டினான். அவர் வாங்கி முத்தமிட்டார். பெயர் சொல்ல வாயெடுத்தார்.

"பொறுங்கய்யா. இருபத்தாறு வருசத்துக்கு முன்னால எங்கம்மா என்னையும் இப்படித்தான் உங்க கையில குடுத்தாங்க. பெரியவனானா வேலை நிச்சயம்னு சொல்லிப் பேரு வச்சீங்க. அது என்ன பேருன்னு சொல்லிட்டு இவனுக்கு வைங்க."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. எத்தனை ஊர், எத்தனை குழந்தைகள்! தணிகாசலம் குழந்தையைத் திருப்பி நீட்டினார். இளைஞன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. குழந்தை வீறிட்டது. தெருக்கோடிவரை அத்தனை ஒலிபெருக்கிகளிலும் அந்த அழுகைதான். இளைஞன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.